பாஸி ஊரின் அமெரிக்கத் தாத்தா

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1776 டிசம்பரில், எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இரண்டு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் கரையில் வந்து இறங்கினார். அமெரிக்க நாட்டை நிறுவிய தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவுக்கு இங்கிலாந்தோடு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு அரசரிடம் பணமும் ஆயுதமும் கேட்டு வாங்கத்தான் அமெரிக்கா அவரை அனுப்பியிருந்தது. சில மாதங்களில் பாஸி என்னும் ஊரில் குடியேறினார். இன்று அது பாரிஸ் நகரத்துக்குள் அடங்கிவிட்ட பகுதி. அன்றைக்குப் பாரிஸுக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் நடுவே தோட்டமும் மாளிகையுமாக இருந்த தனி ஊர். எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்.

1778இல் பிரான்ஸோடு அவர் முடித்துக்கொடுத்த உடன்படிக்கையைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையவே பேசும். இன்று நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஊரில் இருந்தபடி, அந்த ஊராரைப் பற்றி, அந்த ஊராரே படித்துச் சிரிப்பதற்காக அவர் எழுதிய வேடிக்கை எழுத்துகள். வீட்டிலேயே சின்ன அச்சகம் ஒன்றை வைத்து, அவற்றுள் சிலவற்றை நண்பர்களுக்கென்று ஒரு சில பிரதிகள் மட்டும் அச்சிட்டார்.

அவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது, 1784 ஏப்ரலில் ஒரு பாரிஸ் நாளிதழுக்குப் பெயர் போடாமல் எழுதிய கடிதம். பாரிஸ் மேட்டுக்குடியினர் இரவெல்லாம் கூடிக் களித்துவிட்டு நண்பகல் வரை தூங்குவார்கள். பிராங்க்ளினும் அப்படித்தான் நள்ளிரவு தாண்டி மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் படுக்கப் போனாராம். காலை ஆறு மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு விழித்தால் அறை முழுக்க வெளிச்சம். யாரோ நிறைய விளக்குகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால் சூரியன்! முந்தின இரவு சன்னல் கதவைச் சாத்த வேலைக்காரன் மறந்திருக்கிறான். உடனே பஞ்சாங்கத்தைப் புரட்டிச் சரிபார்க்கிறார். சூரியன் அவ்வளவு சீக்கிரம் உதிக்கிறது, அதுமட்டுமல்ல, உதித்த கணமே வெளிச்சமும் தருகிறது என்று ஊருக்கு அறிவிக்கிறார். அறிஞர் நண்பர் ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். அந்த நேரத்தில் வெளியே வெளிச்சம் இருக்க முடியாது, திறந்த சன்னல் வழியாக அறையின் இருட்டுத்தான் வெளியே போயிருக்கும் என்று வாதாடினாராம்!

இதோடு விடவில்லை. காலை வெளிச்சத்தில் தூங்கிவிட்டு இரவில் மெழுகுவத்தி எரிப்பதால் ஆகும் வீணுக்குக் கணக்கும் போட்டுக் காட்டினார். மார்ச் 20 முதல் செப்டம்பர் 20 வரை 183 இரவுகள். இரவுக்கு ஏழு மணி நேரம், ஒரு லட்சம் குடும்பங்கள், மணிக்கு அரை ராத்தல் மெழுகு. ஆக 6 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம் ராத்தல் மெழுகு வீணாகிறது. பரிகாரமும் சொன்னார். வெளிச்சத்தை மறைக்கும் சன்னல் கதவுகளுக்கு வரி போடுங்கள். விடிந்ததும் எல்லாக் கோயில் மணிகளையும் அடியுங்கள், அது போதாவிட்டால் தெருத்தெருவாகப் பீரங்கி வெடியுங்கள். மேலைநாடுகளில் கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் இவர்தான் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. கடிகாரத்தைத் தொடச் சொல்லி அந்தக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கேலி பாரிஸ்காரர்களைப் பற்றியது. ஆனால் நண்பகல் வரை தூங்கும் ஆள் அவரேதான். ஊரைக் கேலி செய்யும்போது தன்னையும் அந்த ஊராரில் ஒருவராகவே சேர்த்துக்கொண்டார். அவருடைய நகைச்சுவையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1780 அக்டோபரில் கீல்வாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. வலியோடு வலியாக, தனக்கும் தன் கீல்வாதத்துக்கும் நடக்கும் உரையாடல் ஒன்றை எழுதினார். கீல்வாதம் ஒரு பெண்ணாக வந்து அவரைப் பிடிபிடியென்று பிடிக்கிறாள். காலையில் பாலேடு கலந்த தேநீர் நாலு கோப்பை, வெண்ணெய் தடவிய ரொட்டி, உப்புக்கண்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணிக்கணக்காகச் சதுரங்கம். மதாம் பிரியோன் வீட்டுத் தோட்டத்தில் நூறு படி இருக்கிறதே, ஏறி இறங்கினாயா? இனி ஒழுங்காக நடப்பேன் என்று அவர் சத்தியம் செய்கிறார். அவள் நம்பவில்லை. சில மாதம் உடம்பு தேறியதும் பழையபடி ஆகிவிடுவாய், நானும் திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

அந்த மதாம் பிரியோன் பக்கத்து வீட்டுக்காரர், இசை வல்லவர். ஒருநாள் அவர் குளியல் தொட்டியில், மேலே பலகை மூடியிருக்க அமர்ந்திருந்தார். பிராங்க்ளின் அதே அறையில் வேறொரு நண்பரோடு இரவு வெகுநேரம் வரை சதுரங்கம் ஆடினார். மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினார். அந்தக் கால பிரெஞ்சுச் சமூகத்தில் குளியலறையில் விருந்தினரை வரவேற்பது தவறாக எண்ணப்படவில்லை.

மொரெல்லே என்ற பாதிரியாருக்கு எழுதிய கடிதத்தில் திராட்சை மதுவைப் புகழ்கிறார். முழங்கை இன்னும் கீழே அமைந்திருந்தால் கோப்பை வாய்க்கு எட்டாது, இன்னும் மேலே இருந்தால் வாயைத் தாண்டிப் போய்விடும், இறைவன் அளந்து வைத்திருக்கிறான் பாருங்கள் என்கிறார். இன்னொரு கட்டுரையில், ஒரே நாள் வாழும் பூச்சிகளின் பேச்சைத் தான் ஒட்டுக்கேட்டதாகச் சொல்கிறார். சின்ன உயிர்களின் மொழிகளைக் கற்பதிலேயே மூழ்கிவிட்டேன், அதனால்தான் உங்கள் இனிய பிரெஞ்சு எனக்குச் சரியாக வரவில்லை என்று மதாம் பிரியோனிடம் சாக்குச் சொல்கிறார்.

1778இல் ஜான் ஆடம்ஸ் வந்து அதே வீட்டில் தங்கினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரானவர். உழைப்பாளி, நேர்மையானவர். கிழவர் நேரம் கழித்து எழுகிறார், விருந்துக்கு விருந்து ஓடுகிறார் என்று மனம் புழுங்கினார். ஆனால் 1780இல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜென், இனி பிராங்க்ளினோடு மட்டும்தான் பேசுவேன் என்று ஆடம்ஸுக்கே எழுதிவிட்டார். விருந்து என்று ஆடம்ஸ் கண்ட இடத்தில் நட்பு வளர்ந்துகொண்டிருந்தது.

1785 ஜூலையில் பிராங்க்ளின் ஊரை விட்டுப் புறப்பட்டார். சிறுநீர்ப்பைக் கல்லின் வலியால் வண்டிக் குலுக்கலைத் தாங்க முடியவில்லை. கோவேறு கழுதைகள் சுமந்த அரசப் பல்லக்கில் துறைமுகம் வரை போனார். அவர் போனபோது அந்த ஊரே தன் குடும்பப் பெரியவரை இழந்ததுபோல இருந்தது என்று அவருக்குப் பின் தூதரான ஜெபர்சன் எழுதியிருக்கிறார்.

இந்த எழுத்துகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கீல்வாத உரையாடலைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். பிறகு அந்தச் சூரியக் கடிதம். நன்றி, வணக்கம்.