நளினிபாலா தேவியைத் துயரத்துக்குள் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது நளினிபாலா தேவியைப் பற்றி. அஸ்ஸாமியக் கவிஞர். 1898-இல் குவாஹாட்டியில் பிறந்தவர், 1977 டிசம்பரில் மறைந்தவர். அஸ்ஸாமியப் பெண் கவிஞர்களில் முதலில் பத்மஸ்ரீ பெற்றவர் அவர்தான். அது 1957-இல். அந்த மொழியில் சாகித்ய அகாதெமி விருது வாங்கிய முதல் பெண்ணும் அவரே.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லும் எல்லா இடத்திலும் ஒரே கதைதான் வரும். பன்னிரண்டு வயதில் கல்யாணம். பத்தொன்பது வயதில் கணவர் ஜீவேஸ்வர் சாங்காகோட்டி இறந்துபோகிறார். பிறகு பெற்ற பிள்ளைகளில் சிலரைப் பறிகொடுத்த துக்கமும் சேர்கிறது. அந்தத் துயரம் கவிதையாகிறது. அதனால் அவர் மறைஞானக் கவிஞர், அதாவது கண்ணுக்குத் தெரியாத பரம்பொருளைத் தேடிப் பாடுகிறவர். இவ்வளவுதான் கதை. இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு இந்தக் கதை போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் காரணம், அவர் முதல் கவிதையை எழுதியது பத்து வயதில். தலைப்பு 'பிதா', அதாவது அப்பா. அப்போது கல்யாணமும் ஆகவில்லை, இழப்பும் வரவில்லை. எழுத்து அந்தப் பெண்ணிடம் முன்னாலேயே இருந்தது. இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அஸ்ஸாமின் மேல்சாதிக் குடும்பங்களில் இளம் வயதிலேயே விதவையான பெண்கள் எத்தனையோ பேர். துயரம் மட்டும் கவிஞரை உண்டாக்கும் என்றால் அந்த ஊர் முழுக்கப் பெண் கவிஞர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லையே! அப்படியானால் இவருக்கு மட்டும் வேறு என்ன கிடைத்தது என்றுதான் கேட்க வேண்டும்.

கிடைத்தது ஒரு வீடு. தாத்தா மாதவ் சந்திர பர்தலை. மாதவ கந்தலி பதினான்காம் நூற்றாண்டில் அஸ்ஸாமிய மொழியில் ராமாயணம் எழுதினார் இல்லையா, துளசிதாசருக்கும் முந்தியவர், அந்த ராமாயணத்தைப் பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் இந்தத் தாத்தா. பேத்தி பிறந்து ஓராண்டு ஆகும்போது, 1899-இல் அது வெளிவந்தது. அப்பா நவீன் சந்திர பர்தலை, வழக்கறிஞர், காங்கிரஸ் தலைவர். அஸ்ஸாமில் அவரைக் 'கர்மவீர்', அதாவது செயல்வீரர், என்று சொல்வார்கள். குவாஹாட்டி விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த கோபிநாத் பர்தலை வேறு ஒருவர், இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நவீன் சந்திரர் 1919-இல் இங்கிலாந்துக்கே போய், மாகாணங்களுக்கு ஓரளவு ஆட்சியுரிமை கொடுத்த மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தில் அஸ்ஸாமையும் சேர்க்கச் சொல்லி வாதாடியவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறைக்குப் போனவர். 1926-இல் குவாஹாட்டிக்குப் பக்கத்தில் பாண்டுவில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது ஏற்பாடுகளைத் தோளில் போட்டுக்கொண்டவர்களில் ஒருவர்.

இப்படிப்பட்ட அப்பாவின் நிழலில்தான் அந்த இளம் விதவை பிள்ளைகளை வளர்த்தார், படித்தார், எழுதினார். அந்தக் காலத்து அஸ்ஸாமிய மேல்சாதிக் குடும்பங்களில் விதவைக்கு என்னென்ன விதிகள் இருந்தன என்று பாருங்கள். வெள்ளை உடை. மீனும் இறைச்சியும் கூடாது. மீன் இல்லாத சாப்பாட்டை நினைத்துப் பார்க்க முடியாத ஊர் அது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஏகாதசி விரதம். ஆனி மாத வாக்கில் காமாக்யா கோயில் நடை சாத்தப்படும் அம்புபாசி நாட்களில் அடுப்பில் சமைத்த எதையும் தொடக் கூடாது. பழமும் ஊறவைத்த பயறும்தான். சுபகாரியங்களில் முன்னால் நிற்கக் கூடாது. ஒரு பெண்ணின் வாயையும் வயிற்றையும் நடமாட்டத்தையும் கட்டிப்போட்ட விதிகள் இவை. கையில் இருக்கும் பேனாவைப் பற்றி மட்டும் அந்த விதிகளில் எதுவும் எழுதப்படவில்லை. மற்ற வீடுகளில் எழுத்தறிவையே கொடுக்காமல் அந்தப் பேனாவையும் தடுத்துவிட்டார்கள். இந்த வீட்டில் தடுக்கவில்லை. நவீன் சந்திரர் மகளைப் படிக்கவும் எழுதவும் ஊக்கப்படுத்தினார். நளினிபாலாவின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. எழுதாமலே போன மற்ற பெண்களையும் நினைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் தொகுப்பு 1928-இல் வந்தது. 'சந்தியார் சுர்'. மாலை வேளையின் ராகம் என்று சொல்லலாம். அவருக்கு அப்போது முப்பது வயது. எங்கோ இருக்கும் ஒரு பரம்பொருளை நோக்கி ஏங்கும் குரல்தான் அதில் முழுக்க. மரணம், மறுபிறவி, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒருவனுக்கான காத்திருப்பு. உபநிடதச் சாயல் இருக்கும், தாகூரின் சாயலும் இருக்கும். அந்தப் புத்தகத்தை 1946-இல் கல்கத்தா பல்கலைக்கழகமும், 1951-இல் குவாஹாட்டி பல்கலைக்கழகமும் பாடமாக வைத்தன. வகுப்பறையில் உட்கார்ந்து படித்திராத ஒரு வாழ்க்கையிலிருந்து வந்த கவிதைகளை வகுப்பறையில் பாடமாக நடத்தினார்கள்!

சரி, இந்த இடத்தில் இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சந்திரபிரபா சைக்கியானி. 1901-இல் பிறந்தவர், நளினிபாலாவைவிட மூன்று வயது சின்னவர். நளினிபாலாவுக்கு இருந்த மாதிரி பெரிய வீடும் பெயரும் அவருக்கு இல்லை. கிராமத்துப் பெண். கல்யாணம் ஆகாமலே தாயாகி, தனியாக மகனை வளர்த்தவர். 1925-இல் நாகாவ்ன் என்ற ஊரில் அஸ்ஸாம் சாகித்ய சபையின் மாநாடு. இலக்கிய மாநாடுதான். ஆனால் வந்திருந்த பெண்களை மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். சந்திரபிரபா மேடையில் பேசும்போது, ஏன் அந்தத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், வெளியே வாருங்கள் என்று அந்தப் பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் தட்டியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே அஸ்ஸாம் பிரதேச மகிளா சமிதி என்ற பெண்கள் சங்கத்தை அவர் தொடங்கினார்.

அப்புறம் 1954. ஜோர்ஹாட்டில் அதே சாகித்ய சபையின் மாநாடு. தலைவர் நாற்காலியில் நளினிபாலா தேவி. சபை தொடங்கியது 1917-இல். முதல் பெண் தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருக்கிறது. தட்டி விழுந்ததிலிருந்து கணக்கிட்டால் இருபத்தொன்பது ஆண்டுகள். இந்த இரண்டு மாநாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு நளினிபாலாவின் இடம் புரிந்தது. அவர் போராட்டக்காரர் கிடையாது. கட்டுப்பாடுகளோடு சண்டை போட்டவர் என்று அவரைச் சொன்னால் அது நாம் இன்றைக்குப் போட்டுவிடும் வேஷம். விதவைக் கோலத்தில், பக்தியில் தோய்ந்து, வீட்டுக்குள் இருந்து எழுதியவர். ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால், சந்திரபிரபா போன்ற ஒருவர் முன்னாலேயே தட்டியைத் தள்ளியிருக்க வேண்டும். இரண்டு பேரில் யார் பெரியவர் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

இவர்களுக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார். பத்மாவதி தேவி புகனானி. ஆனந்தராம் தேக்கியால் புகனின் மகள். பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் வங்காள மொழியைத் திணித்திருந்த காலத்தில், அஸ்ஸாமிய மொழி தனிமொழி என்று எழுதி வாதாடியவர் ஆனந்தராம். 1884-இல் பத்மாவதி எழுதிய 'சுதர்மார் உபாக்யான்' அஸ்ஸாமிய மொழியின் முதல் நாவல்களில் ஒன்று. அங்கேயும் ஒரு படித்த அப்பாவின் வீடுதான், கவனித்தீர்களா? பெண் பள்ளிகள் அரிதாக இருந்த ஊரில் ஒரு பெண் எழுத வேண்டுமென்றால் அப்பா சரியாக அமைய வேண்டியிருந்தது. எனக்கு இதில் சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

நளினிபாலாவின் உரைநடையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அப்பா 1936-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கையை மகளே எழுதினார், 'ஸ்மிருதி தீர்த்த', 1948. மகள் எழுதிய அப்பாவின் வரலாறு என்பதால் அது அன்பு மட்டும் நிறைந்த புத்தகம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறைக்குப் போகிற தலைவரின் வீட்டை உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதியது அது. சுதந்திரப் போராட்ட வரலாற்றில் மேடையில் பேசியவர்கள் இருக்கிறார்கள். அந்த மேடைக்குப் போனவரின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அந்த வீட்டில் இருந்த பெண்தான் சொல்ல முடியும். கவிதையைப் புகழ்கிற அளவுக்கு இதை ஏன் எடுத்துப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

1950-இல் குழந்தைகளுக்காக 'சதௌ அஸம் பாரிஜாத் கானன்' என்ற அமைப்பையும் அவர் தொடங்கினார். பின்னாளில் அது 'மைனா பாரிஜாத்' என்ற பெயரில் அஸ்ஸாம் முழுக்கப் பரவியது. எப்போதும் பரலோகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கவிஞர் என்கிறார்களே, அவர் செய்த வேலை இது.

விருது வாங்கித் தந்த 'அலகானந்தா' 1967-இல் வந்தது, விருது 1968-இல். எழுபது வயது அவருக்கு. தன் கதையை அதற்கும் பிறகுதான் எழுதினார். 'எரி அஹா தின்போர்', விட்டு வந்த நாட்கள், 1976. அடுத்த ஆண்டு இறந்துபோனார். தன் வாழ்க்கையைத் தானே சொல்ல அவர் அத்தனை காலம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன், பன்னிரண்டு வயது, பத்தொன்பது வயது என்ற இரண்டு எண்களோடு அவரை முடித்துவிடாதீர்கள். அந்த இரண்டு எண்களுக்குப் பிறகு அவர் அறுபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார், எழுதியிருக்கிறார்.

இந்தக் காணொளியைப் பார்ப்பவர்களில் அஸ்ஸாமில் வேலை பார்ப்பவர்கள், அங்கே படித்தவர்கள், அந்த மொழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு ஒரு உதவி வேண்டும். 'நாட்கர்' என்று அவருடைய கவிதை ஒன்று ரொம்பப் பிரபலம். அதில் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும் வரிகளை அஸ்ஸாமிய உச்சரிப்பில் பதிவு செய்து அனுப்புங்கள், பொருளையும் கூடவே தமிழில் சொல்லுங்கள். அடுத்த காணொளி சந்திரபிரபாவைப் பற்றியது. அதன் தொடக்கத்தில் உங்கள் குரலைச் சேர்த்துக்கொள்கிறேன்.