சாயத்தைச் சுரண்டிப் பார்ப்போம், தம்பி

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா இன்றும் உயிருள்ள பேட்டையா, சுற்றுலாவுக்கு வைத்த காட்சியா? இதுதான் தலைப்பு. உயிருள்ள பேட்டைதான் என்பது எங்கள் அணி. குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒன்று சொன்னார் பாருங்கள், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். "அங்கே பழசு மாதிரித் தெரிவதெல்லாம் சாயம். சுரண்டினால் உள்ளே ஒரு பிரியாணிக் கடையும் ஒரு சிம் கார்டு கடையும்தான் இருக்கும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். சரி, சுரண்டித்தான் பார்த்துவிடுவோமே!

தம்பி சொன்ன அந்தச் சாயம் அடித்த வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். கெர்பாவ் ரோட்டில் கதவுக்கு ஒரு நிறம், சன்னலுக்கு ஒரு நிறமாக நிற்கிறதே, அது டான் டெங் நியா என்ற சீன வியாபாரியின் வீடு. 1900இல் கட்டியது. இனிப்புப் பண்டம் செய்து விற்றவர் அவர். சாயம் புதுசுதான், மறுக்கவில்லை. சுரண்டினால் இந்தியர் பேட்டையின் நடுவில் தொழில் நடத்தி வாழ்ந்த ஒரு சீனக் குடும்பம் வெளியே வருகிறது. இன்னும் கொஞ்சம் சுரண்டுங்கள் தம்பி, சுண்ணாம்பு வரும்! சிராங்கூன் சாலையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம் என்றுதான் நம் ஆட்கள் சொன்னார்கள். அதே சாலையில் 1855இல் எழுந்த ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்துக்குக் காவடிகள் இன்றும் அங்கிருந்துதான் கிளம்பி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகின்றன. பெருமாள் வாசலிலிருந்து முருகனுக்குக் காவடி! எந்தச் சுற்றுலா அதிகாரியும் உட்கார்ந்து இப்படி ஒரு திட்டம் போட மாட்டார். சனம் நடந்து நடந்து உண்டாக்கிய வழி அது.

இப்போது என் சித்தப்பா கதைக்கு வருகிறேன். புதுக்கோட்டைப் பக்கம், ஆயுசு முழுக்க மாடு வைத்திருப்பவர். ஒரு பொங்கல் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெர்லயன் சிலையைக் காட்டினோம், "ம்" என்றார். மரினா பே கட்டடத்தைக் காட்டினோம், அதற்கும் "ம்". கடைசியில் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா பக்கம் கூட்டிப் போனேன். பொங்கலுக்காகப் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். சித்தப்பா மாட்டைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அன்றைக்குத்தான் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது!

"ஏம்மா, இந்த ஊருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். "சித்தப்பா, 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் முழுக்கத் தொழுவம்தான். கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூதர் இங்கே பெரிய மாட்டு வியாபாரி, அவர் பெயரில் இப்பவும் ஒரு ரோடு இருக்கிறது. மாட்டு வேலைக்கு வந்த நம் ஆட்கள் இங்கேயே குடியேறினார்கள்" என்றேன். நம்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். "பொய் சொல்லாதே. தண்ணி எங்கே? தண்ணி இல்லாத இடத்துல எவன் தொழுவம் போடுவான்?"

நடுவர் ஐயா, இந்தக் கேள்வியை இன்னொரு தடவை சொல்கிறேன். தண்ணி எங்கே? மாட்டைத் தெரிந்தவர் கேட்கிற முதல் கேள்வி! நான் பேசாமல் கையைப் பிடித்து ரோச்சோர் கால்வாய்க்குக் கூட்டிப் போனேன். எட்டிப் பார்த்தார். "இது ஆறும்மா. கரை கட்டிட்டாங்க" என்றார். ஆமாம், ஆறுதான். அந்த ஆற்றுத் தண்ணீரையும் கரைப் புல்லையும் நம்பித்தான் மாடு வந்தது, மாட்டின் பின்னால் மனிதர்கள் வந்தார்கள். சித்தப்பா வரலாற்றுப் புத்தகம் படித்தவரா? தண்ணியைத் தேடியே கண்டுபிடித்துவிட்டார்!

கதை முடியவில்லை. மறுபடி மாட்டிடம் வந்தோம். பக்கத்தில் பேரனோடு ஒரு சீனத் தாத்தா. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து கறந்து கொடுப்பார் என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். மொழிபெயர்த்தேன். சித்தப்பா விடுவாரா? "எத்தனை படி கறக்கும்னு கேளு!" கேட்டேன். தாத்தாவுக்குப் படி தெரியவில்லை, கையால் ஒரு பாத்திரம் அளவு காட்டினார். சித்தப்பா அந்தரத்தில் இரண்டு கையாலும் கறந்து காட்டினார். தாத்தா இல்லை இல்லை என்று தலையாட்டி, அந்தப் பால்காரர் எப்படிக் கறப்பார் என்று தானும் கறந்து காட்டினார். நடுத்தெருவில், மாடு வேடிக்கை பார்க்க, இரண்டு கிழவர்கள் காற்றில் பால் கறக்கிறார்கள்! பேரப்பிள்ளை சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தம்பி, காட்சிப் பொருளுக்கு இந்த நினைவு இருக்குமா?

பிரியாணியைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, நல்ல பிரியாணிதான். ஆனால் சிம் கார்டு கடை என்று இளக்காரமாகச் சொன்னீர்களே, அதுதான் என்னைச் சுட்டது.

அந்தக் கடை முன்னால் ஞாயிற்றுக்கிழமை யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? தஞ்சாவூர்ப் பிள்ளைகள், பங்களாதேஷ் பிள்ளைகள். 1869இல் முடிந்த இஸ்தானாவை, இன்றைய அதிபர் மாளிகையைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். இன்று நாம் குடியிருக்கும் வீவக அடுக்குமாடி புளோக்குகளையும் எம்ஆர்டி ரயில் சுரங்கத்தையும் கட்டுகிறவர்கள் இந்தப் பிள்ளைகள். ஆறு நாள் வெயிலில் நின்றுவிட்டு ஏழாவது நாள் தேக்காவுக்கு வருகிறார்கள். புல்தரையில் உட்கார்ந்து, அந்த சிம் கார்டைப் போட்டு, பிறந்ததிலிருந்து கையில் தூக்காத குழந்தையைத் திரையில் பார்த்து, "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று கெஞ்சுகிற ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். பெலிலியோஸ் காலத்தில் மாட்டோடு வந்தவனுக்கும் ஊரில் ஒரு குழந்தை இருந்திருக்கும், அவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

2020 ஏப்ரலில் கோவிட் பரவியபோது இந்தப் பிள்ளைகள் தங்கும் விடுதிகள் அடைக்கப்பட்டன. பிறகு வேலைக்கு விட்டார்கள், ஊருக்குள் சுற்ற விடவில்லை. 2021 செப்டம்பரில் ஒரு சோதனை முயற்சியாகச் சிறு குழுவை வெளியே விட்டபோது முதலில் எங்கே போனார்கள் தெரியுமா? லிட்டில் இந்தியாவுக்கு. ஒன்றரை வருடம் அடைபட்டுக் கிடந்தவன் காட்சி பார்க்கவா அங்கே போவான்? சாமி கும்பிடப் போனான், ஊர் வாசனைக்குப் போனான்.

தம்பி, கோபம் இல்லை. வருகிற ஞாயிறு சாயங்காலம் என்னோடு தேக்காவுக்கு வாருங்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்த சிம் கார்டு கடையில் வரிசையில் நிற்கிற யாராவது ஒருவரிடம் "அண்ணே, எந்த ஊரு?" என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை நானும் கூட நிற்கிறேன். நன்றி, வணக்கம்.