லாரியைக் கழற்றுமுன் ரசமட்டம் வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் 30 வருஷம் மெஷின் இறக்கி நிறுத்துகிற வேலை பார்த்தவன் நான். இரும்பைக் கடைகிற புது லேத் வந்து இறங்கினால் அடியில் பேக்கிங் தகடு கொடுத்து, பெட் என்கிற அதன் நீளமான அடிப்பாகத்தின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறவரை நாங்கள் நகரமாட்டோம். இன்று நான் பேச வந்தது லேத்தைப் பற்றி அல்ல, சக்கரம் வைத்த ஒரு வீட்டைப் பற்றி. ஹலசூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நிறைய. அங்கே போகிற பெற்றோர் ஒருநாள் இந்த வண்டி வீட்டில் ஏறினாலும் ஏறுவார்கள்.

துமகூரு ரோட்டில் கண்டெய்னர் டிரெய்லரை லாரியிலிருந்து கழற்றி, முன்னால் இரண்டு இரும்புக் காலில் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் முதுகில் கிரீஸ் அப்பிய ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியில் இருக்கிற கிங் பின் என்கிற இரும்பு முளை அதில் வந்து மாட்டிக்கொள்ளும். அந்தத் தட்டுக்குப் பெயர் ஃபிஃப்த் வீல், ஐந்தாவது சக்கரம். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு சக்கரம் வைத்தார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. அமெரிக்காவில் இதே பூட்டைப் பிக்கப் லாரியின் தொட்டிக்குள் வைத்து, 30 அடி நீள வீட்டையே இழுத்துப் போகிறார்கள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளே உண்டு.

என் மகளும் மாப்பிள்ளையும் அப்படி ஒரு வண்டி வீட்டை இழுத்துக்கொண்டு எங்களை ஒரு மலைக்காட்டு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மாப்பிள்ளை அவசரத்தில் இரும்புக் காலை இறக்கி லாரியைக் கழற்றி விட்டார். என் மனைவி தோசைக்கல்லைப் போட்டு எண்ணெய் விட்டாள். எண்ணெய் முழுதும் வலது ஓரத்துக்கு ஓடி அங்கேயே தேங்கி நின்றது. அப்புறம் பார்த்தால் குளியலறைக் கதவும் தானாகச் சாத்திக்கொள்கிறது. வீடு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

“மாமா, அந்தப் பக்கத்துக் காலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டால் சரியாகிவிடாதா?” என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். லேத்தில் ஒரு மூலையை மட்டும் தூக்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும்; அதற்குப் பிறகு எந்தத் தண்டைக் கடைந்தாலும் டேப்பர்தான் விழும், ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்துப் போகும். இந்த வண்டியின் சட்டமும் அப்படித்தான். சக்கரங்கள் சாய்ந்த நிலத்தில் நிற்க, முன் மூலையை மட்டும் உயர்த்தினால் நீளமான சட்டம் முறுக்கும். கதவு இறுகும், பக்கச் சுவரோடு வெளியே தள்ளுகிற ஸ்லைடு அறை சிக்கிக்கொள்ளும். முன் காலின் வேலை முன்பின் மட்டம் மட்டும். பக்கவாட்டு மட்டத்தைச் சக்கரத்துக்கு அடியில்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் லாரி மாட்டியிருக்கும்போதே. கழற்றிய பிறகு வண்டியைப் பலகை மேல் ஏற்ற யாரால் முடியும்?

அன்று இரவு பிரிட்ஜையும் அணைக்க வேண்டியதாயிற்று. பாலும் இட்லி மாவும் வீணாயின. இந்த வண்டிகள் பலவற்றில் நம் வீட்டுப் பிரிட்ஜ் போல கம்ப்ரஸர் கிடையாது. கேஸ் சுடரோ மின்சூடோ அம்மோனியாவைத் தண்ணீரிலிருந்து பிரித்து ஆவியாக மேலே அனுப்பும். அது குளிர்ந்து திரவமாகி, குளிர்ச்சியைக் கொடுத்துவிட்டு, குழாய் வழியாகத் தன் எடையிலேயே கீழே வழிந்து வரும். பம்ப் எதுவும் இல்லை, இறக்கம் ஒன்றுதான் அதை ஓட வைக்கிறது. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாயில் தேங்கிவிடும், கொதிகலம் வறண்டு அளவுக்கு மீறிச் சுடும். துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் குரோமேட் உப்பு உறைந்து குழாயை அடைத்துக்கொண்டால் பிரிட்ஜ் போனது போனதுதான். ஓடுகிற வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் ஒரே இடத்தில் நிற்காது. நிறுத்திய இடத்தில்தான் ஆபத்து. பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாயக்கூடாது என்று சில பிரிட்ஜ்களின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. புதிதாக வருகிற கம்ப்ரஸர் பிரிட்ஜுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

மறுநாள் விடிந்ததும் லாரியைத் திரும்ப மாட்டினோம். இரண்டடி ரசமட்டம் ஒன்றை உள்ளே தரையில் குறுக்காக வைத்தேன். தாழ்ந்த முனையை விரலால் தூக்கித் தூக்கிக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, அடியில் உள்ள இடைவெளியை அளந்தேன். ஒன்றரை அங்குலம். இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் நடுவே 6 அடி. அதாவது ரசமட்டத்தின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. அப்படியென்றால் வலப்பக்கச் சக்கரங்களுக்கு நாலரை அங்குலம் வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் போதும், போனில் எந்த ஆப்பும் தேவையில்லை.

ஒன்றரை அங்குலப் பலகைகள் மூன்றை அடுக்கினோம். அடியில் நீளமானது, மேலே போகப் போகக் குட்டையானது, சக்கரம் படி ஏறுவதுபோல ஏறுவதற்கு. அந்தப் பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு டயர். இரண்டுக்கும் அடுக்கு வேண்டும். டயரின் அகலம் முழுதும் பலகை மேல் உட்கார வேண்டும், பாதி வெளியே தொங்கினால் டயருக்குள் இருக்கிற நூலடுக்கு நாசமாகும். மகள் வெளியே நின்று கை காட்ட, மாப்பிள்ளை மெல்ல ஏற்றினார். குமிழ் நடுவுக்கு வந்தது.

அடுத்தது கட்டை. நம் ஊர் லாரி கிளீனர் வண்டி நின்றதும் குதித்து ஓடி கட்டை போடுவாரே, அதேதான். இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் போட வேண்டும். கட்டை போடாமல் பூட்டைத் திறக்கவே கூடாது. முன் காலுக்கு அடியிலும் பலகை வைத்தோம், இல்லையென்றால் ஈர மண்ணில் புதைந்துவிடும். கிங் பின் மேல் இருந்த பாரம் நீங்குகிறவரை காலை இறக்கியதும், அந்த உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறந்து, ஒயர்களைக் கழற்றி, தொட்டியின் பின்கதவை இறக்கி, லாரியை அரையடி மட்டும் நகர்த்தி நிறுத்திப் பார்த்தோம். எல்லாம் சரி என்றதும் லாரி வெளியே வந்தது. முன்பின் மட்டத்தை முன் கால்களே பார்த்துக்கொண்டன. பின்பக்கம் இருக்கிற சிறு ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்த மட்டும். நிலத்தில் அழுத்தமாகப் பதிந்தால் போதும், அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது.

கிளம்புகிற காலையில் இதையே தலைகீழாகச் செய்தோம். முன் காலைச் சாக்பீஸ் கோட்டுக்குக் கொண்டுவந்ததும் லாரி ஒரே முறையில் வந்து மாட்டியது. பூட்டின் தாடை கிங் பின்னை முழுதாகக் கவ்வியிருக்கிறதா என்று மாப்பிள்ளை டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “எடுக்கலாம் மாமா” என்றார். அதற்குப் பிறகுதான் கட்டையில் கை வைத்தேன்.

வணக்கம்.