ஸ்டேக்ஹவுஸில் 5 டாலர் டிப் வைத்துவிட்டு வந்த இரவு

ரெக்கார்ட் ஆகிறது, சரி. வணக்கம். இன்றைக்குச் சமையலறையில் இல்லை, காரில் உட்கார்ந்து பேசுகிறேன். டாலஸ் பக்கம் ஒரு ஸ்டேக்ஹவுஸின் பார்க்கிங் இது. ஸ்டேக் என்ற கனமான மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டுத் தருகிற உணவகம். சாப்பிட்டு முடித்து இப்போதுதான் வெளியே வந்தேன். நடந்ததை வீட்டுக்குப் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. உள்ளே கேமராவை எடுக்கவில்லை. வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிப்பது எனக்குப் பிடிக்காது.

அமெரிக்காவில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும் விலை உயர்ந்த ஸ்டேக்ஹவுஸ் வேறு, இது வேறு. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு போகிற இடம். இப்படிப்பட்ட செயின்கள், அதாவது ஒரே பெயரில் பல கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள், நிறைய உண்டு. லாங்ஹார்ன் 1981இல் அட்லாண்டாவில் ஆரம்பித்தது. அவுட்பேக் 1988இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில். டெக்சாஸ் ரோட்ஹவுஸுக்குப் பெயரில்தான் டெக்சாஸ். முதல் கடை 1993இல் இண்டியானா மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் என்ற ஊரில். மூன்றுக்கும் இன்று நாடு முழுக்கக் கிளைகள். நான் சொல்லப்போகும் இரண்டு சம்பவமும் எந்த செயினில் நடந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழேயே கிளைக்குக் கிளை கவனிப்பு மாறும். அதனால் பெயரைச் சொல்வதில் நியாயம் இல்லை.

முதல் சம்பவம் மூன்று வருடத்துக்கு முன்னால். அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலில் இருந்து வந்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைத்துப் போனோம். வாசலில் இருந்த பெண் நாற்பது நிமிடம் ஆகும் என்று சொல்லிக் கையில் ஒரு பேஜரைக் கொடுத்தாள், மேசை தயாரானதும் அது அதிர்ந்து சொல்லும். மேசை கிடைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அப்பா அந்தப் பேஜரைக் கீழே வைக்கவே இல்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அப்போது 71 வயது.

அப்பாவுக்கு மாட்டிறைச்சி புதிது இல்லை. ஆனால் எங்கள் வீட்டு இறைச்சி தேங்காய்க் கொத்து போட்டு, மசாலா கறுத்துப் பிடிக்கிற வரைக்கும் வறுத்தது. அதனால் அவருக்கு 'வெல் டன்', அதாவது உள்ளே வரைக்கும் முழுக்க வெந்தது, என்று சொல்லித்தான் ஆர்டர் கொடுத்தேன். வந்ததை வெட்டினால் நடுவில் நல்ல இளஞ்சிவப்பு. அப்பா ஓரத்தை மட்டும் சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிட்டார். அப்புறம் உருளைக்கிழங்கைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்து, மீதி இறைச்சிமேல் போர்த்தி வைத்தார். நான் பார்த்துவிட்டேன். மாற்றித் தரச் சொல்லவா என்று கேட்டேன். "பரவாயில்லை விடும்மா, அந்தப் பிள்ளை பாவம், ஓடிக்கிட்டே இருக்கு" என்றார்.

எங்களுக்குப் பரிமாறிய அந்தப் பிள்ளை உண்மையாகவே ஓடிக்கொண்டுதான் இருந்தாள். ஒருமுறை வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன். பில் 112 டாலர். 5 டாலர் டிப் வைத்தேன். கோபத்தில் வைத்தேன். அப்பாவின் சாப்பாடு கெட்டதற்கு அவள்தான் காரணம் என்று நினைத்து வைத்தேன்.

இது தப்பு என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. கூட வேலை செய்கிற அக்காவின் மகள், இங்கேயே பிறந்த பெண், கல்லூரியில் படித்துக்கொண்டே இதே மாதிரி ஒரு ஸ்டேக்ஹவுஸில் சர்வராக இருந்தாள். ஒரு நாள் அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "ஆன்ட்டி, அந்த 5 டாலரில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நின்றிருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் வேலை செய்த இடத்தில் ஒவ்வொரு சர்வரும் தன் விற்பனையில் 4 சதவீதத்தை மேசை துடைப்பவருக்கும் பாரில் நிற்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாம் வைக்கிற டிப்பில் இல்லை, பில் தொகையில் 4 சதவீதம். 112 டாலருக்குக் கணக்குப் போட்டால் 4 டாலர் 48 சென்ட். அங்கேயும் இதே கணக்கு என்றால், எங்கள் நான்கு பேருக்கும் தண்ணீர், ரொட்டி, தட்டு என்று சுமந்த அந்தப் பெண்ணுக்கு நின்றது 52 சென்ட்.

சம்பளம் இருக்குமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டிப் வாங்குகிற வேலைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இல் இருந்து இதே தொகைதான். டெக்சாஸிலும் இதுதான் நடைமுறை. டிப்பையும் சேர்த்து மணிக்கு 7 டாலர் 25 சென்ட் வராவிட்டால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு ஒரு மேசைக்குப் பார்ப்பது இல்லை, வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்ப்பது. ஒரு நல்ல சனிக்கிழமை வந்தால் என் வெள்ளிக்கிழமை அதற்குள் காணாமல் போய்விடும். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா மாதிரி சில மாநிலங்களில் இப்படி இல்லை. அங்கே டிப் வேறு, முழுக் கூலி வேறு. நான் இருப்பது டெக்சாஸில்.

அந்த ஸ்டேக்கை சுட்டது அவள் இல்லை என்பதையும் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. கிரில்லில் நிற்பவர் வேறு ஆள். தட்டு தயாரானதும் ஜன்னல் மாதிரி ஒரு இடத்தில், சூடு ஆறாமல் இருக்க விளக்குக்குக் கீழே வைப்பார்கள். அங்கிருந்து எடுத்து வருவது பல நேரம் மூன்றாவது ஆள். இறைச்சியை அடுப்பில் இருந்து எடுத்த பிறகும் உள்ளுக்குள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அந்த விளக்குக்குக் கீழே நான்கு நிமிடம் அதிகமாக இருந்தால் மீடியம் ரேர் மீடியமாகிவிடும். மீடியம் ரேர் என்றால் பாதி வெந்து நடுவில் சிவப்பாக இருப்பது, அங்கே ஏறக்குறைய 54இல் இருந்து 57 டிகிரி செல்சியஸ். வெல் டன் என்றால் 70ஐத் தாண்ட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கூட்டமான வெள்ளிக்கிழமையில் கிரில்காரர் அவசரப்பட்டு எடுத்துவிடுவது சகஜம், அப்பாவுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். கூட வந்தவர்களின் தட்டு தயாராகிக் காத்திருந்திருக்கும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. வெட்டினதும் சிவப்பாகத் தண்ணீர் வந்தால் ரத்தம் என்று நம்மில் பலர் முகம் சுளிப்போம். அது ரத்தம் இல்லை. தசையில் இருக்கும் மையோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அப்பாவிடம் இதை அப்புறம் போனில் சொன்னேன். "எதுவா இருந்தா என்ன, எனக்கு வேண்டாம்" என்றார். அதுவும் சரிதான். அவர் கேட்டது கேட்டபடி வந்திருக்க வேண்டும்.

சரி, இன்றைக்கு வருகிறேன். வேறு செயின், செவ்வாய்க்கிழமை, ஐந்தரை மணி. கூட்டம் இல்லை. நான் மட்டும்தான். ரிப்ஐ என்ற விலாப் பகுதி ஸ்டேக், மீடியம் ரேர் கேட்டேன். தட்டை வைத்ததும் அந்த சர்வர் நகரவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலைமுடியை ஏற்றிக் கட்டியிருந்தார். "நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், நான் நிற்கிறேன்" என்றார். இப்படிச் செய்யச் சொல்லிப் பல இடங்களில் பயிற்சியே கொடுக்கிறார்கள். பாதி சாப்பிட்ட பிறகு தெரிவதைவிட முதல் வெட்டிலேயே தெரிவது எல்லோருக்கும் நல்லது. வெட்டினேன். உள்ளே முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் நூல் மாதிரி ஒரு இளஞ்சிவப்புக் கோடு. நன்றாக வெந்துபோயிருந்தது.

என் வாயில் "பரவாயில்லை" வந்துவிட்டது, நுனி நாக்கு வரைக்கும். விழுங்கிவிட்டு, "இது மீடியம் ரேர் இல்லை என்று நினைக்கிறேன்" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "இல்லவே இல்லை" என்றார். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகம் மாறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனார். ஒரு நிமிடத்தில் மேனேஜர் வந்து, மேசைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, என் கண் மட்டத்துக்கு வந்து பேசினார். நின்றுகொண்டு மேலே இருந்து பேசவில்லை. மன்னிப்புக் கேட்டார், புதிதாகப் போடச் சொல்லிவிட்டேன் என்றார், அதுவரைக்கும் சாப்பிட ஒரு கிண்ணம் சூப் அனுப்பினார். பதினோரு நிமிடத்தில் புது ஸ்டேக் வந்தது. மேனேஜரே கொண்டுவந்தார். பில்லில் அந்த ஸ்டேக்கின் விலையும் இல்லை.

மேனேஜர் இப்படி ஓடி வருவதற்குப் பின்னால் நல்ல மனசோடு இன்னொரு காரணமும் இருக்கலாம். டெக்சாஸ் ரோட்ஹவுஸில் கிளையை நடத்துகிற மேனேஜரை மேனேஜிங் பார்ட்னர் என்பார்கள். அடிப்படைச் சம்பளம் போக, அந்தக் கிளையின் வரிக்கு முந்தைய லாபத்தில் 10 சதவீதம் அவருக்கு. நான் திரும்பி வருவேனா மாட்டேனா என்பது அவர் வீட்டுச் செலவு வரைக்கும் போகும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. தட்டை எடுத்து வருகிற சர்வருக்கும் லாபத்தில் இப்படி ஒரு பங்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இனிமேல் இந்த மாதிரி இடத்துக்கு ஊரில் இருந்து வந்தவர்களை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். குறைவாக வெந்ததைத் திரும்ப அடுப்பில் போடலாம், அதிகமாக வெந்ததை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சந்தேகமாக இருந்தால் ஒரு படி குறைவாகக் கேட்டுவிட்டு, வெட்டிப் பார்த்துச் சொல்லலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோழி, சால்மன் இருக்கும். சைவம் என்றால் பக்க உணவுகளைத்தான் நம்ப வேண்டும். ஆனால் பச்சை பீன்ஸில் பன்றி இறைச்சி கலந்து சமைப்பது இந்த ஊர் வழக்கம். வெறும் பீன்ஸ்தானே என்று வாயில் வைக்கச் சொல்லிவிடாதீர்கள், சர்வரிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வருவார்கள். கேட்பதை அவர்கள் தொந்தரவாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கல்லூரிப் பெண் என்னிடம் சொன்னது இதுதான்: "முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர்கள்தான் கஷ்டம் ஆன்ட்டி. சொன்னால் ஐந்து நிமிட வேலை."

டிப் கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டேக்கை எடுத்துவிட்டதால் என் பில் 9 டாலர்தான். அந்த 9க்கு 20 சதவீதம் பார்த்தால் 1 டாலர் 80 சென்ட். ஆனால் அந்த சர்வர் எனக்காக இரண்டு முறை நடந்திருக்கிறார். முழுத் தொகை 38 டாலர் வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு, 10 டாலர் வைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் 5 டாலர் வாங்கிய அந்தப் பெண்ணை நான் தேடிப் போனேன், ஒரு முறை. அவள் அங்கே இல்லை. பெயரும் எனக்குத் தெரியாது, பார்த்து வைக்கவில்லை.

இன்றைக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். இதோ ரசீது, வெளிச்சத்தில் காட்டுகிறேன், பெயரை விரலால் மறைத்துக்கொள்கிறேன். கீழே ஒரு நீளமான எண் இருக்கிறது பாருங்கள், கருத்துச் சொல்வதற்கு. இதில் பெயரைக் குறிப்பிட்டு எழுதினால் மேனேஜர் பார்வைக்குப் போகும். காரை எடுப்பதற்கு முன்னால் இதை எழுதி முடித்துவிடுகிறேன். கேமராவை அணைக்கிறேன்.