பழைய வாளியில் கங்கோங்: பிளாட் வாசலில் ஒரு கீரைத் தோட்டம்

[காட்சி: மலேசியாவின் தெலுக் இந்தான் நகரச் சாய்ந்த கோபுரம். பிறகு ஒரு மலிவு விலை பிளாட்டின் மூன்றாம் மாடி நடைபாதை.]

வணக்கம். தெலுக் இந்தானை விட்டு வெளியே போனால் எங்கும் எண்ணெய் தரும் செம்பனைதான். அந்தத் தோட்டங்களின் லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள்தாம் நம்மில் பலர். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. வேலியில் அவரை படர்ந்தது. பிளாட்டுக்கு வந்த பிறகு ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் மார்க்கெட்டுக்குப் போகிறோம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

1974-இல் விலைவாசி ஏறியிருந்த நேரம், பிரதமர் துன் அப்துல் ரசாக் 'புக்கு ஹிஜாவ்' என்ற பச்சைப் புத்தகத் திட்டத்தைக் கொண்டுவந்தார். சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடச் சொன்ன திட்டம் அது. பிளாட்டில் ஏது நிலம்? ஆனால் வாசலில் கொஞ்சம் இடமும் காலை வெயிலும் இருந்தால் கங்கோங் கீரைக்குப் போதும்.

[காட்சி: பழைய குளியலறை வாளியின் அடியில் துளை போடும் கைகள்.]

பெயிண்ட் வாளி வேண்டாம், சாப்பிடுகிற பொருளுக்கு அது சரிவராது. வாளியை விட முக்கியம் மண். இந்தப் பக்கத்துக் களிமண்ணை அப்படியே போட்டால் நாலு நாள் வெயிலில் இறுகிப்போகும், வேர் மூச்சுவிட முடியாது.

அதற்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. எண்ணெய் மில்லுக்குப் போகும் 100 டன் செம்பனைக் குலையில் 20 டன்னுக்கு மேல் பழம் உதிர்ந்த வெறுங்குலையாக வெளியே வருகிறது. பொட்டாசியம் நிறைந்தது. ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்க மண்ணில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும், கீரை மஞ்சளாகிவிடும். என் முதல் வாளி அப்படித்தான் போனது.

[காட்சி: உள்ளங்கையில் கறுப்பாக உதிரும் எரு.]

சிறு துண்டுகளாக வெட்டி, கோழி எருவோடு கலந்து, ஈரம் காயாமல் மூடி வையுங்கள். சில மாதம் ஆகும். நார் பிடிபடாமல் இப்படி உதிர வேண்டும், மழை நனைத்த மண்வாசம் வர வேண்டும். நாற்றம் அடித்தால் இன்னும் மக்கவில்லை. மண், மணல், எரு மூன்றும் சம பங்கு கலந்தால் வாளி தயார்.

வாளிக்கு அடியில் தட்டு வைப்பது அவசியம், இல்லையென்றால் கீழ்வீட்டுத் துணியில் தண்ணீர் சொட்டும். ஆனால் தட்டில் தண்ணீர் நின்றால் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஏழு முதல் பத்து நாளில் புதுக் கொசு பறந்துவிடும். தட்டு நிறைய மணல் கொட்டிவிடுங்கள். டிங்கி விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது.

[காட்சி: கத்தி, கங்கோங் தண்டு.]

விதைத்து நாலு வாரத்தில் கங்கோங் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள். கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு கைப்பிடி எரு போடுங்கள். இன்று அறுத்ததில் ஒரு கட்டு கீழ்வீட்டு அக்காவுக்கு.