எறும்பு மிதக்கும் கோப்பை

வணக்கம் நேயர்களே. வெளிநாடு போனால் அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தேடி அலைகிறோம். குடிப்பதற்கு என்று உட்கார்ந்தால் மட்டும், எந்த ஓட்டலிலும் கிடைக்கிற அதே பெயரைச் சொல்லிவிடுகிறோம். எனக்கு இதில் பல வருடமாகவே வருத்தம். அந்த வட்டாரத்தில் விளைவதை வைத்துக் காக்டெய்ல் கலக்குகிற பார்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். பயணிகள் நேராக ராஃபிள்ஸ் ஓட்டலின் லாங் பாருக்குப் போவார்கள். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெய்ல் அங்கே 1915இல் பிறந்தது என்பது ஓட்டல் சொல்லும் வரலாறு. ஜின், அன்னாசிச் சாறு, செர்ரி மது எல்லாம் சேர்ந்து இளஞ்சிவப்பாக வரும். அங்கே கொறிக்கிற வேர்க்கடலையின் தோலைத் தரையிலேயே போடலாம். போய்வாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

அப்புறம் அமோய் தெருவுக்கு நடந்து பாருங்கள். பக்கத்துத் தெருதான் தெலுக் ஆயர், 1830 வாக்கில் நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கும் தெரு. அமோய் தெருவின் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், 2016இல் விஜய் முதலியார் தொடங்கிய பார் 'நேட்டிவ்'. ஐரோப்பிய பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, ஆசிய மதுவையும் ஆசியப் பொருள்களையும் வைத்தே கலக்குவது என்று அங்கே ஒரு பிடிவாதம். தென்னம்பாளையில் இறக்கிய கள்ளைக் காய்ச்சி எடுக்கும் இலங்கைச் சாராயம்கூட அங்கே மரியாதையோடு அலமாரி ஏறியது.

நான் சொல்லியே ஆகவேண்டியது அந்த எறும்பு காக்டெய்லைப் பற்றித்தான். தாய்லாந்து ரம், கரும்பு, மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்த் தயிர், மேலே எறும்புகள். மாமரம் ஏறியவர்களுக்கு முசுறு தெரியும், இலையை மடித்துத் தைத்துக் கூடு கட்டுமே, அதேதான். முன்னால் கொண்டுவந்து வைத்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தயிரோடு சேர்த்து நாக்கில் வைத்தேன். பல்லில் பட்டதும் சுள்ளென்று ஒரு புளிப்பு. எறும்பின் உடம்பில் உள்ள ஃபார்மிக் அமிலத்தின் வேலை அது. அந்தப் புளிப்பு போன பிறகுதான் கரும்பின் இனிப்பு வருகிறது. பார்ப்பவரை மிரட்டவா எறும்பைப் போட்டார்கள்? இல்லை நேயர்களே, எலுமிச்சை செய்கிற வேலையை அங்கே எறும்பு செய்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்சில் இதே முசுறை அரைத்துச் சட்னி செய்கிறார்கள், அதற்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்தது. திரும்பவும் சொல்கிறேன், அந்த வட்டாரத்தில் கிடைப்பதைக் கேளுங்கள். பார்டெண்டரிடம் "உங்கள் ஊர்ப் பொருள் போட்டது எது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஆசையாகச் சொல்வார்.

டோக்கியோவின் பென்ஃபிடிக் என்ற பாரில் தோட்டத்து மூலிகையை வாடிக்கையாளர் கண்ணெதிரே உரலில் இடித்துக் கலக்குவதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. ஒன்று மட்டும். மது தொடாதவர்களும் தயங்காமல் போகலாம். மது சேர்க்காமல் ஒன்று கலந்து கொடுங்கள் என்று கேளுங்கள், நல்ல பார் என்றால் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். நன்றி, வணக்கம்.