தக்கை அசையாத நேரம்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

தாமிரபரணியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் பொதிகையில் தொடங்கி, அகத்தியரைத் தொட்டு, கொற்கையில் கொண்டுபோய் முடிப்பார்கள். எனக்கு அது வராது. நான் தூண்டில் போடுகிறவன். ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றில் எனக்குத் தெரிந்தது சேரன்மகாதேவிப் பக்கம் கரையோரமாக ஒரு பத்தடித் தண்ணீர்தான். அதுவும் விடிகிற நேரத்துத் தண்ணீர். அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமா, தூண்டிலோடு போய் உட்காருங்கள். இதுதான் என் கட்சி. நடைப்பயிற்சிக்காரர் வேகத்திலேயே இருப்பார். கேமராக்காரர் பறவை பறந்ததும் கிளம்பிவிடுவார். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரச் சாக்கு இருப்பது தூண்டில்காரனுக்குத்தான். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றால் வீட்டிலிருந்து போன் மேல் போன் வரும். மீன் பிடிக்கிறேன் என்றால் விட்டுவிடுவார்கள்.

சாமான் அதிகமில்லை. மூங்கில் கம்பு, தங்கூசி என்கிற நைலான் நரம்பு, தூண்டில் முள், சின்னதாக ஓர் ஈயக்குண்டு, மீன் கொத்துவதைக் காட்டிக்கொடுக்க மிதக்கிற, மயிலிறகுத் தண்டை நறுக்கிய தக்கை. இரைக்கு மண்புழு, கெண்டைக்கென்றால் பிசைந்த மைதா. அப்புறம் தக்கையைப் பார்க்கத் தெரிய வேண்டும். ஜிலேபி, அதாவது திலேப்பியா மீன், தொட்டுத் தொட்டு விளையாடும். கெண்டை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கெளுத்தி ஒரே முழுங்காக முழுங்கித் தக்கையை உள்ளே கொண்டுபோய்விடும். கெளுத்தியை எடுக்கும்போது ஜாக்கிரதை. செவுளுக்குப் பின்னால் இருக்கிற முள்ளை விறைப்பாக விரித்து வைத்திருக்கும். குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும்.

ஆனால் தக்கை அசையாத நேரம்தான் அதிகம். அசையாமல் இருக்கிற மனிதனைப் பறவைகள் கொஞ்ச நேரத்தில் கணக்கிலிருந்து எடுத்துவிடும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி எதிரிலேயே வந்து, தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும். அலகு நேராகக் கீழே பார்க்கும். சட்டென்று தலைகுப்புற விழும். பாம்புத்தாராவின் முறை வேறு. கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தி, முங்கி, மீனை ஈட்டிபோல அலகால் குத்திக்கொண்டு எழும். அதற்குப் பிறகுதான் வித்தை. ஒரு வெட்டு வெட்டி மீனை மேலே தூக்கிப் போட்டு, தலைப்பக்கமாக வாங்கி விழுங்கும். தலை முதலில் போனால்தான் துடுப்பு முள் மடங்கும், தொண்டையில் சிக்காது. ஒரு நாள் தடவித் தடவி மீனைத் திருப்பிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்ததில் என் தக்கை போனதே தெரியவில்லை.

கோரைப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கிற இடங்களில், மேலே செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் கொப்பளிக்கும். விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியில் காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தவளையை ஆட்டினால் பெரிய விரால் கோபத்தில் வந்து அடிக்கும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, செய்கிறவர் பக்கத்தில் உட்காருவதும் இல்லை. பெரியதை எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான். ஜிலேபியும் இப்படித்தான் பிள்ளைப் பாசம் கொண்டது. 1952-இல்தான் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது, இன்றைக்குத் தூண்டிலில் முதலில் கொத்துவதே அதுதான். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தால் உள்ளங்கையில் குஞ்சுகள் கொட்டும். அப்போது என்ன செய்வதென்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. வந்த மீன் நாட்டு மீனை நெருக்குகிறது என்பதும் உண்மை, கையில் துடிப்பது குஞ்சு என்பதும் உண்மை. தண்ணீரில் விட்டுவிடுகிறேன்.

'இயற்கையை ரசிக்கிறேன் என்கிறீர், பிடித்துக் கொல்கிறீரே?' என்று கேட்பார்கள். சாப்பிடத்தான் பிடிக்கிறேன். சின்னதை விட்டுவிடுகிறேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

சரி, ஏன் விடிகாலை? குளிர்ச்சி, அமைதி எல்லாம் இருக்கட்டும். வேறு ஒரு காரணம் இருக்கிறது. பகலில் பாசியும் நீர்ச்செடியும் தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடும். ராத்திரியில் அவையும் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது பொழுது விடிகிற நேரத்தில்தான். கசத்தில், அதாவது ஆழமாகத் தேங்கிய மடுவில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகிற ஆற்றில் இந்தக் காட்சி வரக் கூடாது. வந்தால் மேலே எங்கேயோ சாக்கடை கலக்கிறது, அல்லது நீரோட்டம் செத்துவிட்டது. வெயில் ஏறியதும் பாசி மறுபடி வேலையைத் தொடங்கிவிடும், மீன்களும் கீழே போய்விடும். ஒன்பது மணிக்கு வண்டியில் வந்து இறங்கிப் பார்க்கிற அதிகாரிக்கு ஆறு நன்றாகத்தான் இருக்கும். விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் இருந்தவன் சொல்வதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. எனக்கு வருத்தம் அதுதான்.

கெடுதலை முதலில் பார்க்கிறவன் அவன்தான். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணி கீழே எங்கே வந்து மாட்டுகிறது என்று தூண்டில் முள்ளைக் கேளுங்கள். பேட்டரி வைத்துக் கரண்ட் பாய்ச்சி மீன் பிடிக்கிறவர்கள் இருட்டோடு வந்துவிட்டுப் போவார்கள். நாம் பார்ப்பது வெள்ளை வயிறாக மிதக்கிற பொடி மீன்களை. வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருக்கிறது. மணலும் அப்படித்தான். அயிரை மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன். மணலை அள்ளிய பள்ளத்தில் அதற்கு வேலையில்லை. 2010-இல் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்தது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பு அயிரைக்கும் சேர்த்துத்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் உட்காருகிற இடமே போய்விட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. கோரையைக் காணோம், புதிதாக ஒரு மணல்திட்டு முளைத்திருந்தது. சரி என்று திட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை போகலாம். விடிவதற்குள் கரையில் இருக்க வேண்டும். பளிச்சென்ற சட்டை வேண்டாம், போன் வண்டியிலேயே இருக்கட்டும். பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள், முள் மாட்டுவதை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மண்புழு நான் கொண்டுவருகிறேன். வணக்கம்.